ஏற்றுக்கொள்ள வேண்டியவர் யார்?



கொரோனா காலத்திலும் அதன் பிறகும் ஒரே கேள்வியோடு ஏராளமான ஆய்வுகள் வந்தன: சூம், கூகுள் மீட் போன்ற காணொலி வகுப்புகளை மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்களா? இவற்றில் பலவற்றுக்கு அடிப்படை, அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த சட்டகம். ஒரு கருவி பயனுள்ளது, கையாள எளிது என்று ஒருவர் கருதினால் அதை ஏற்றுக்கொள்வார் என்பது அதன் சாரம். கருவி கையில் இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. பல ஆய்வுகளின் வினாப்பட்டியலே இணையம் வழியாகத்தான் போனது. போன் இல்லாத பிள்ளை 'ஏற்கவில்லை' என்ற கணக்கில்கூட வரவில்லை.

இது நமக்குப் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அதன் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையே பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது. அந்தக் காலத்திலும் பள்ளிக்கூடங்கள் இருந்தன. அக்ரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சாவடியிலும் இருந்தன. அங்கே நம் பிள்ளைகள் கால் வைக்க முடியாது. உள்ளே விடாதவர்களே, "இவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்றும் சொன்னார்கள். 1894இல் சென்னையில் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் பள்ளியும், 1920களில் லேபர் இலாகா சேரிகளில் திறந்த பள்ளிகளும் அந்தப் பேச்சைப் பொய்யாக்கின. பள்ளி சேரிக்கு வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறை மறுபடியும் நம்மால் நுழைய முடியாத இடத்துக்குப் போனது. இந்த முறை போனுக்குள். 2006 முதல் 2014 வரை நோக்கியா போன் செய்த மண் இது. பள்ளிகள் பூட்டிக் கிடந்த 2020 ஜூலையில், இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் 11 தயாராகத் தொடங்கிய செய்தி வந்தது. போன் செய்யும் ஊரில்கூட, வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு அன்றைக்கு வகுப்பு இல்லை.

2021 ஆகஸ்டில் ஜான் டிரீஸ் உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களில், வசதி குறைந்த குடியிருப்புகளில் சுமார் 1,400 பிள்ளைகளிடம் நேரில் போய்க் கேட்டார்கள். கிராமப்புறத்தில் இணையவழியில் ஒழுங்காகப் படித்த தலித், பழங்குடிப் பிள்ளைகள் 4 விழுக்காடு. பிறர் 15 விழுக்காடு. தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா அறிவித்ததும் 2021 ஜனவரியில்தான். கல்லூரிகள் மூடி பத்து மாதம் ஆகியிருந்தது.

கருவி கிடைத்துவிட்டால் போதுமா? 2021 ஏப்ரலில் காரக்பூர் ஐஐடியின் இணைய வகுப்பொன்றில், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பயின்ற ஆயத்த வகுப்பில், ஆசிரியர் ஒருவர் மாணவர்களை இழிவாகத் திட்டிய காணொலி நாடு முழுதும் பரவியது. திரைக்குள்ளும் சாதி நுழைந்துவிட்டது. ஒற்றை அறை வீட்டிலிருந்து வகுப்புக்கு வரும் மாணவி கேமராவை அணைத்து வைத்தால், அதை ஆர்வக்குறைவு என்று குறித்துக்கொள்வது எளிது. டேட்டாவை மிச்சப்படுத்துகிறாளா, மானத்தைக் காக்கிறாளா என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுவோம். மாணவர் கருவியை ஏற்றாரா என்பதல்ல. அந்த வகுப்பறை மாணவரை ஏற்றதா என்பதே கேள்வி.

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 1 முதல் 8 வரை படித்த பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளி திறந்தது. அந்தப் பத்தொன்பது மாதத்தில் உங்கள் காலனியில் எந்த வீட்டில் எத்தனை போன் இருந்தது, யார் படிப்பை விட்டார்கள், யார் காண்டிராக்ட் வேலைக்குப் போனார்கள், யார் திரும்பி வரவே இல்லை என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். நம் கணக்கை நாம் எழுதாவிட்டால், "அவர்களுக்கு நாட்டமில்லை" என்ற பழைய வரியையே மறுபடியும் எழுதிவைப்பார்கள்.

ஜெய் பீம்.