கணக்குப்பிள்ளையாக இருந்த தெரேசா சூ

சிங்கப்பூர் சைனாடவுனில் சாகோ லேன் என்றொரு சின்னத் தெரு உண்டு. கன்டனீஸ் பேசியவர்கள் அதைச் செத்தவர் தெரு என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்த கடைவீடுகளில் மேல்மாடியில் சாகக் கிடப்பவர்களுக்குப் பலகைக் கட்டில். கீழ்த்தளத்தில் சவப்பெட்டி, ஈமச்சடங்குக்கான ஏற்பாடு. கேட்கும்போது கொடூரமாகத்தான் இருக்கும். ஆனால் தனியாளாகக் கப்பலேறி வந்த கூலிகளுக்கும், தலைக்குச் சிவப்புத் துணி கட்டிக் கட்டடவேலை செய்த சம்சுய் பெண்களுக்கும் வேறு இடம் எங்கே இருந்தது? ஒரே அறையைப் பலகையால் தடுத்துப் பல பேர் குடியிருந்த வீடுகள் அவை. அங்கே ஒருவர் இறந்தால் வீட்டுக்கு ஆகாது என்ற பயம் வேறு. 1961இல் அரசாங்கம் இந்தச் சாவு வீடுகளைத் தடை செய்தது.

தடை சரிதான். ஆனால் மூப்பைத் தடை செய்ய முடியாதே. குவோங் வாய் சியூ மருத்துவமனை 1910இலிருந்தே ஏழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது, 1935இல் கத்தோலிக்கக் கன்னியர் வந்து முதியோர் இல்லம் தொடங்கினார்கள். இருந்தும் போதவில்லை. நோயும் தனிமையும் சேர்ந்த முதியவர்களுக்காக 1965இல் இன்னோர் இல்லம் எழுந்தது. நிலம் வாங்கிக் கொடுத்தவர் அக்காள் தங்கையில் ஒருவர், நடத்தியவர் மற்றவர். நடத்தியவர் பெயர் தெரேசா சூ. அப்போது அவருக்கு வயது 67.

இவரைப் பற்றித் தேடினால் இரண்டே படங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, சிங்கப்பூரின் அன்னை தெரசா. மற்றொன்று, நூறு வயது தாண்டியும் யோகா செய்த அதிசயப் பாட்டி. இரண்டும் பொய்யில்லை. ஆனாலும் எனக்கு இரண்டின்மேலும் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஒருவரைப் புனிதராக்கிவிட்டால் அவர் செய்த வேலை என்ன, அதை எங்கே கற்றார் என்று யாரும் கேட்பதில்லை.

1898இல் சீனாவின் சுவாத்தோவில் பிறந்தவர் சூ. குடும்பம் பினாங்கு வந்ததும் கான்வெண்டில் துப்புரவு வேலைதான் கிடைத்தது. அங்கேயே, என்னையும் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள் என்று கேட்டுப் படித்தார். சீனியர் கேம்பிரிட்ஜ் வரை போனார். பிறகு ஹாங்காங்கில் செயலாளர் வேலை. ஜப்பானியப் போர்க்காலத்தில் சோங்சிங்கில் ஒரு ஜெர்மன் செய்தி நிறுவனத்தில் செயலாளர், கணக்குப்பிள்ளை. அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் போரில் காயம்பட்டவர்களுக்கு உதவப் போனார். உதவப் போன இடத்தில் தாதிமை தெரியாமல் அதிகம் செய்ய முடியாது என்று புரிந்தது போலும், 47 வயதில் இங்கிலாந்துக்கு மனுப்போட்டார். வயது கடந்திருந்ததால் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. படித்து முடித்து, அங்கே சில வருஷம், பராகுவேயில் சில வருஷம், ஈப்போவில் முதியோருக்கும் சிறுமிகளுக்குமான இல்லங்களில் கொஞ்ச காலம் என்று சுற்றிய பிறகுதான் சிங்கப்பூர்.

வாழ்க்கைக் குறிப்புகளில் அந்தச் செயலாளர் வருஷங்கள் ஒரே வரியில் முடிந்துவிடும், முன்னுரை மாதிரி. நான் பொறியாளன், ஆலையில் எந்திரம் நிற்காமல் ஓடக் காரணம் பெரும்பாலும் பராமரிப்புப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுகிற ஆள்தான் என்று தினமும் பார்க்கிறவன். அதனால் அந்த ஒரு வரியில் நின்றுவிட்டேன். முதியோர் இல்லம் அன்பால் நடக்கிறது என்கிறோம், சரி. இரவு எட்டு மணி மாத்திரை யாருக்கு, யார் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார், யாருடைய மகன் ஜொகூரில் இருக்கிறார், அவர் நம்பர் மாறிவிட்டதா, அரிசிக்காரருக்கு எவ்வளவு பாக்கி, நன்கொடை கொடுத்தவருக்கு ரசீது போனதா? இதில் ஒன்று தவறினாலும் படுக்கையில் இருக்கிற ஒரு மனுஷனுக்குத்தான் வலிக்கும். ஃபைலில் இருக்கிற பெயருக்குப் பின்னால் முகம் தெரிகிற எழுத்தர் ஒருவர் இல்லாமல் எந்த மேட்ரனும் சமாளிக்க முடியாது.

சூ 1970இல் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இல்லம் பெருத்துவிட்டது, செலவு சகோதரிகளின் கைக்கு மீறிப் போனது. ரோட்டரி கழகத்தார் பொறுப்பெடுத்தார்கள். அவர் மேட்ரனாகவே தொடர்ந்தார். தான் தொடங்கிய இடத்தில் இன்னொரு குழுவின்கீழ் வேலை செய்ய எத்தனை நிறுவனர்களுக்கு மனசு வரும்? நம் சங்கங்களை, கோயில் நிர்வாகங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மற்றவர் தலைமையில் உட்கார்ந்து காரியத்தை நகர்த்துவது செயலாளருக்குப் பழகிய வேலை. அந்தப் பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது என்றே நினைக்கிறேன்.

இன்றைக்கு இது பழங்கதை இல்லை. 2030இல் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65ஐத் தாண்டியிருப்பார் என்கிறது அரசாங்கம். மலேசியா 2018இல் தனியார் முதியோர் பராமரிப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. தாதியர் மட்டுமல்ல, இயக்குநரின் உதவியாளர், சேர்க்கைப் பிரிவு, குடும்பங்களோடு பேசுபவர் என்று ஆள் தேவை. ஆனால் நம் வீடுகளில் முதியோர் இல்லம் என்றாலே பெற்றவர்களைக் கொண்டுபோய் விட்டவன் என்ற ஏச்சுத்தான் முதலில் வரும். அந்த வெட்கம் அங்கே வேலை செய்கிறவர்மேலும் படிந்துவிடுகிறது. பட்டதாரிப் பிள்ளை வங்கியில் செயலாளராக இருந்தால் கல்யாணப் பேச்சில் சொல்வோம். தாதிமை இல்லத்தில் அதே வேலை என்றால் ஆபிஸ் வேலை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வோம்.

தெரேசா சூ 2011 டிசம்பரில், 113 வயதில் காலமானார். அவர் தொடங்கிய இல்லம் இன்னும் ஹவ்காங்கில் நடக்கிறது, கணக்குப் புத்தகம் இப்போது யாரோ வேறொருவரின் மேசையில்.