ராமானுஜனின் மெடிக்கல் ஃபைல்

இந்த எபிசோடை எங்க அத்தையோட மஞ்சப்பையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

அத்தை ஆறு மாசம் சென்னையில, ஆறு மாசம் நியூஜெர்சியில மகன் வீட்டுல. சுகர், பிரஷர், தைராய்டு மூணும் உண்டு. ரெண்டு நாட்டு மருந்துச் சீட்டும் அந்தப் பைக்குள்ளதான். போன வருஷம் அங்கே ஒரு புது டாக்டர், "இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?"ன்னு கேட்டிருக்கார். "இல்லையே"ன்னுட்டாங்க. வயித்துல தழும்பைப் பார்த்து அவர் மறுபடி கேட்டப்போதான், குடல்வால் எடுத்தது ஞாபகம் வந்ததாம்.

எனக்கு உடனே ராமானுஜன் ஞாபகம் வந்தார். அவரோட கணக்கைப் பத்தி ஊரே பேசியாச்சு. இன்னிக்கு நோயாளி ராமானுஜன்.

1914 மார்ச் 17, சென்னையில நெவாசா கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் போன சில மாசத்துல முதல் உலகப்போர். சைவச் சாப்பாடு, தானே சமையல், நேரங்கெட்ட தூக்கம். 1917-ல் படுத்துட்டார். ஊருக்குத் திரும்பலாம்னா கடல் முழுக்க ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் பயம். கேம்பிரிட்ஜ், மெண்டிப் மலை, மேட்லாக், லண்டன்னு ரெண்டு வருஷம் இடமும் டாக்டரும் மாறிக்கிட்டே இருந்தது. மெண்டிப்பில் பார்த்தவர் சௌரி முத்து. நம்மூர்க்காரர், காசநோய் ஸ்பெஷலிஸ்ட், அதே நெவாசாவில் கூடப் பயணம் செஞ்சவர்!

முதல்ல வயித்துப்புண்ணுன்னாங்க. அப்புறம் டிபி. அதைக் குணப்படுத்த அப்போ மருந்து கிடையாது. ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, ஜன்னலைத் திறந்து வெச்சு சுத்தமான காத்து, அவ்வளவுதான் வைத்தியம். கும்பகோணத்துல வளர்ந்த மனுஷனை இங்கிலாந்துக் குளிர்ல ஜன்னலைத் திறந்து படுக்க வெச்சா எப்படி இருந்திருக்கும்!

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 1910-ல், இங்கிலாந்து போறதுக்கு முன்னாடியே, ராமானுஜனுக்கு விரைவீக்கத்துக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. குடும்பத்துகிட்ட காசில்ல, ஒரு டாக்டர் இலவசமாவே செஞ்சார். இங்கிலாந்துல பார்த்த டாக்டர்களுக்கு இது தெரியாது. பேட்டி ஷான்னு ஒரு லண்டன் டாக்டர்தான் கண்டுபிடிச்சார். அவருக்கு வந்த பயம் என்னன்னா, அன்னிக்கு எடுத்தது புற்றுநோய்க் கட்டியா இருந்திருக்குமோ? சென்னையில தப்பா கணிச்சுட்டாங்களோ? மாசங்கள் போயும் ராமானுஜன் நிலை மோசமாகலை, அதனால அந்த யோசனையைக் கைவிட்டார். இதையெல்லாம் ஹார்டி 1918-ல் ஒரு கடிதத்துல எழுதறார். அதுல அந்த ஆபரேஷன் சுமார் நாலு வருஷம் முன்னாடி நடந்ததா இருக்கு. எட்டு வருஷம் நாலாயிடுச்சு.

இன்னொண்ணும் இருக்கு. 1906-ல், சென்னையில காலேஜ் படிக்கும்போது ராமானுஜனுக்குக் கடுமையான சீதபேதி. 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய கடிதங்களையும் நோய்க்குறிகளையும் சேர்த்து வெச்சுப் பார்த்து, இது டிபியே இல்லை, சீதபேதி அமீபா கல்லீரல்ல வருஷக்கணக்கா தங்கினதா இருக்கலாம்னு எழுதினார். நிரூபிக்க இனி வழியில்லை. எனக்கு இது நம்பும்படியாத்தான் இருக்கு. அந்த நோய்க்கு எமெட்டின் ஊசி வேலை செய்யும்னு லியோனார்ட் ராஜர்ஸ் 1912-லேயே காட்டிட்டார். எங்கே? கல்கத்தாவுல.

இங்கிலாந்து டாக்டர்களை மட்டும் திட்டறது நியாயமில்லை. ராமானுஜனும் லேசுப்பட்ட நோயாளி இல்லை, சாப்பாட்டு விஷயத்துல டாக்டர்களோட ஓயாத தகராறு. 1919-ல் ஊர் திரும்பினப்போ டிபிங்கிற பேரும் கூடவே கப்பல்ல வந்தது. சென்னையில பார்த்த டாக்டர் பி.எஸ். சந்திரசேகர ஐயரும் டிபின்னுதான் வைத்தியம் செஞ்சார். கொடுமுடி, கும்பகோணம், கடைசியா சேத்துப்பட்டு. 1920 ஏப்ரல் 26-ல் இறந்தார். வயசு 32.

இந்தக் கதையை அத்தைகிட்ட சொன்னேன். கவனமா கேட்டுட்டு, ஒரு நோட்டை எடுத்து "குடல்வால் ஆபரேஷன்"னு எழுதினாங்க. "எந்த வருஷம்ங்க?"ன்னு மாமாவைக் கேட்டாங்க. மாமா 88-ன்னார். அத்தை 91-ன்னாங்க. இன்னும் முடிவாகலை.