முகம்மது அலியின் கையொப்பம்: மெய்ம்மை ஆய்வும் மதிப்பீடும்

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி (1942–2016) கையுறை, ஒளிப்படம், நுழைவுச்சீட்டு, சுவரொட்டி முதலியவற்றில் இட்ட கையொப்பங்கள் விளையாட்டு நினைவுப்பொருள் சந்தையில் பெரிதும் நாடப்படுவதோடு, அதே காரணத்தால் பெருமளவில் போலி செய்யப்பட்டும் வந்துள்ளன. ஒரு கையொப்பம் அவரே இட்டதுதானா என்று ஆராய்வது மெய்ம்மை ஆய்வு எனவும், அது என்ன விலை பெறும் என்று கணிப்பது மதிப்பீடு எனவும் கூறப்படும். அவருடைய பெயரும் கையெழுத்தும் காலந்தோறும் மாறியவை என்பதால், கையொப்பம் எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்ற கேள்வியே இவ்விரண்டுக்கும் அடிப்படையாகிறது.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் காசியஸ் மார்செல்லஸ் கிளே என்ற பெயரோடு பிறந்த அவர், 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1964 பிப்ரவரியில் சோனி லிஸ்டனைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் பட்டம் பெற்று, அடுத்த மாதமே முகம்மது அலி ஆனார். எனவே அந்தந்தக் காலத்திலேயே இடப்பட்ட ‘காசியஸ் கிளே’ கையொப்பங்கள் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுவதால் அரியவை. ஆனால் பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் வேண்டியபோது அவர் பழைய பெயரையும் எழுதித் தந்ததால், அப்பெயர் இருப்பது மட்டுமே பழமைக்குச் சான்றாகாது. பழைய பெயரால் தம்மை அழைத்த குத்துச்சண்டை வீரர் எர்னி டெரலை 1967இல் களத்தில் அடித்தபடியே “என் பெயர் என்ன?” என்று அவர் கேட்டதை நினைத்தால், அந்த ஆண்டுகளில் இடப்பட்டதாகச் சொல்லப்படும் ‘கிளே’ கையொப்பத்தை ஐயத்தோடுதான் அணுக வேண்டும்.

ஆய்வின் மிகக் கடினமான பகுதி 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டதையொட்டி எழுவது. கைநடுக்கத்தை உண்டாக்கும் இந்நோய், எழுத எழுத எழுத்துகள் சிறுத்து நெருங்கும் எழுத்துச் சுருக்கத்தையும் தருவதால், 1970களில் விரைந்தும் விரிந்தும் ஓடிய கையொப்பம் பின்னாளில் சிறியதாகவும் மெதுவாக எழுதப்பட்டதாகவும் காணப்படுகிறது. கையெழுத்தாய்வில் நடுக்கமும் தயக்கமும் பொதுவாகப் போலியின் அடையாளங்களாகக் கொள்ளப்படுபவை. அலியின் பிற்காலக் கையொப்பத்திலோ அவை இயல்பானவை. ஆகவே ஆய்வாளர், வளைவின் நடுவே பேனா நின்று தொடர்ந்திருக்கிறதா, கோட்டின் மேல் மறுபடி கோடு இழுக்கப்பட்டிருக்கிறதா, எழுத்துகளை இணைக்கும் பழக்கம் மாறியிருக்கிறதா என்பவற்றை ஆராய்ந்து, பார்த்து வரைந்தவரின் தயக்கத்தை நோயாளியின் நடுக்கத்திலிருந்து பிரித்தறிகிறார். இதற்கு ஒப்பிட எடுக்கும் மாதிரிகளும் அதே காலத்தவையாக இருப்பது இன்றியமையாதது. 1974ஆம் ஆண்டு மாதிரியைக் கொண்டு 1995ஆம் ஆண்டுக் கையொப்பத்தைத் தள்ளிவிடுவது பெரும் பிழை.

பொருளும் மையும் தனிச் சாட்சிகள். ஷார்பி எனப்படும் மார்க்கர் பேனா 1964இல்தான் விற்பனைக்கு வந்தது என்பதால், அதனால் எழுதப்பட்டு 1960ஆம் ஆண்டுத் தேதியிட்ட கையொப்பம் பொய்யாகிறது. பழந்தோலில் விழுந்த வெடிப்புகளுக்குள் மை இறங்கியிருந்தால், தோல் முதுமையடைந்த பிறகே எழுதப்பட்டது என்று கொள்ளலாம். கையெழுத்துப் பொறியால் இடப்பட்டவை ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும். மனிதக் கையோ ஒருபோதும் அவ்வாறு எழுதுவதில்லை.

பொருள் யார் யாரிடம் இருந்து வந்தது என்ற உடைமை வரலாறு இச்சான்றுகளுக்குத் துணைநிற்கிறது. 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் பங்கேற்றார். அப்போது பெற்றதாகக் கூறப்படும் கையொப்பத்துக்கு, அந்நாளைய நுழைவுச்சீட்டோ ஒளிப்படமோ உடனிருந்தால் வலிமை கூடும், பிற்கால நடுக்கம் தெரிந்தால் ஐயம் கூடும். வாய்மொழிக் கதையும் சான்றிதழும் மட்டும் போதா. 1990களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ நடவடிக்கையில், போலிகளோடு அவற்றுக்கான சான்றிதழ்களும் தயாரிக்கப்பட்டது வெளிப்பட்டது. அன்னை தெரசா கையொப்பமிட்டதாகக் காட்டப்பட்ட பேஸ்பால் பந்துகளும் அங்கே சிக்கின. இன்று பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் முதலிய நிறுவனங்கள் ஆராய்ந்து எண்ணிட்ட சான்று வழங்குகின்றன. அவை மதிக்கத்தக்க நிபுணர் கருத்துகளே தவிர, கையொப்பமிடுகையில் உடனிருந்து கண்ட சாட்சிக்கு நிகராகா.

அலி கேட்டவர்க்கெல்லாம் தாராளமாகக் கையொப்பமிட்டவர் என்பதால், மெய்யான கையொப்பமும் எளிய தாளில் இருந்தால் பெருவிலை பெறுவதில்லை. எழுதப்பட்ட பொருள், பெயர் வடிவம், மையின் தெளிவு, காலம் ஆகியவை விலையை உயர்த்தும். அறிமுகமில்லாத ஒருவரின் பெயருக்கு எழுதித் தரப்பட்டது பெரும்பாலும் குறைந்த விலைக்கே போகும். அவர் கையொப்பமிட்டுப் பலருக்கும் வழங்கிய இஸ்லாமியத் துண்டறிக்கைகள், அவருடைய நம்பிக்கைக்கு மிக நெருக்கமானவையாக இருந்தும், மிகுதியாகக் கிடைப்பதால் சந்தையில் பின்தங்கியே இருக்கின்றன. 1964இல் லிஸ்டனை வென்றபோது அவர் அணிந்திருந்த கையுறைகளோ 2014இல் ஹெரிடேஜ் ஏலத்தில் 8,36,500 டாலருக்கு விலைபோயின. அங்கே விலை பேசப்பட்டது களத்தில் இருந்த பொருளுக்கே. கையொப்பமிட்ட புதுக் கையுறை ஒன்றின் விலையை அதைக் காட்டி உயர்த்துவோரிடம் வாங்குபவர் விழிப்போடு இருக்க வேண்டும்.