தனியுறுப்புச் சிகிச்சையும் நானோ துகள்களும்

ஃப்ரீ ராடிக்கல் என்று வழங்கும் தனியுறுப்புகளைப் புற்றுக்கட்டியின் உள்ளேயே பிறப்பித்து, அவற்றின் உக்கிரமான ரசாயன சக்தியால் கட்டியின் உயிரணுக்களை அழிக்கும் முறைக்குத் தனியுறுப்புச் சிகிச்சை என்று பெயர். இணை சேராத எலெக்ட்ரான் ஒன்றைத் தாங்கி நிற்பது தனியுறுப்பின் லட்சணம். அக்குறையை நிரப்பிக்கொள்ளும் பொருட்டு அது கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் என்று பாராமல் அண்டையிலுள்ள எதனிடமிருந்தும் எலெக்ட்ரானைப் பறிக்கிறது. இத்தகைய பொருள் இருக்கவே இயலாது என்று ரசாயன அறிஞர் பலர் எண்ணியிருந்த காலத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோசஸ் கோம்பர்க் 1900-ஆம் ஆண்டில் அதன் இருப்பைக் கண்டறிந்து வெளியிட்டார்.

புற்றுநோய் வைத்தியத்துக்கு இந்த ஆயுதம் முற்றிலும் புதியதன்று. எக்ஸ் கிரணங்கள் உடலில் பாயும்போது நீரின் மூலக்கூறுகள் பிளந்து ஹைட்ராக்சில் என்னும் தனியுறுப்புகள் தோன்றுகின்றன. கதிர்ச் சிகிச்சை விளைவிக்கும் சேதத்தின் பெரும்பகுதி அவற்றால் நிகழ்வதே. ஆயினும் ஹைட்ராக்சிலின் ஆயுள் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவினதே. அந்த க்ஷண நேரத்தில் அது கடக்கும் தூரமும் சில நானோமீட்டர்களே ஆகும். ஆகவே அதனை வெளியே தயாரித்து ஊசிமூலம் செலுத்துவது ஒருபோதும் கைகூடாது. அதன் மூலப்பொருளைச் சாதுவாக வைத்துக் கட்டிவரை சுமந்து சென்று, அவ்விடத்தில் மட்டும் விழிக்கச் செய்யும் வாகனம் ஒன்று வேண்டும். நானோ துகள்களின் பிரயோஜனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இத்துறையினரை நெடுங்காலம் தடுத்து நின்ற இடையூறு பிராணவாயுவின் பற்றாக்குறை. கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. ரத்தக் குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தூரத்துக்கு அப்பால் உயிரணுக்கள் மடிந்து கிடப்பதை, மனிதரின் நுரையீரல் கட்டிகளை ஆராய்ந்த தாம்லின்சன், கிரே என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் 1955-இல் காட்டினர். மடிந்த பகுதிக்கும் செழிப்பான பகுதிக்கும் இடையில், பிராணவாயு குன்றியும் உயிர் தரித்திருக்கும் அணுக்களே கதிருக்கு எளிதில் அடங்காதவை. ஒளியால் தூண்டப்பெறும் மருந்தைக் கொண்டு நடத்தும் சிகிச்சையும், 1993-இல் கனடாவில் அனுமதி பெற்ற ஃபோட்டோஃப்ரின் உட்பட, பிராணவாயு இல்லாத இடத்தில் வலிமை இழந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாக, ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் யூனான் சியா என்பாரின் குழுவினர் 2017-இல் வெளியிட்ட உபாயம் மிகவும் நேர்த்தியானது. சுவர்களில் நுண்துளைகள் கொண்ட, உள்ளே வெறுமையான தங்கக் கூண்டுகளை எடுத்து, அவற்றினுள் ஏஐபிஎச் என்னும் சேர்மத்தைக் கொழுப்பமிலங்களோடு கலந்து நிரப்பினர். ஏஐபிஎச் என்பது பாலிமர்த் தயாரிப்பில் வினையைத் தொடக்கிவைக்கப் பயன்பட்டுவந்த பொருள். கொழுப்பமிலங்களோ ஸ்டியரிக் அமிலமும், தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலமும் ஆகும். இக்கலவை உருகுவது 39 பாகை செல்சியஸில். உடலின் இயல்பான உஷ்ணமோ 37 பாகை. எனவே மார்கழிக் குளிரில் உறைந்த எண்ணெயைப் போல அது கூண்டின் துளைகளை அடைத்துக்கொண்டிருக்க, அகச்சிவப்புக்கு அண்மையான ஒளி தங்கத்தின்மேல் பட்டு உஷ்ணம் ஏறியதும் உருகி வழிகிறது. வெளிப்பட்ட ஏஐபிஎச் அவ்வெப்பத்தாலேயே சிதைந்து, நைட்ரஜன் வாயுவையும் தனியுறுப்புகளையும் ஈனுகிறது. இவ்வினைக்குப் பிராணவாயு தேவையே இல்லை என்பது இதன் தலையாய சிறப்பு. எனினும் அவ்வொளி தசைக்குள் ஆழமாகப் புகாது என்பதால், உள்ளுறுப்புக்களின் கட்டிகளுக்கு இது எளிதில் எட்டுவதன்று.

வெளியிலிருந்து ஒளியை வேண்டாத வழியும் உண்டு. இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கூடினால் வீரியமிக்க ஆக்ஸிகரணம் நிகழ்வதை ஹென்றி ஃபென்டன் 1894-இல் அறிவித்திருந்தார். புற்றுக்கட்டியில் அமிலத்தன்மையும் பெராக்சைடும் சற்று மிகுந்திருத்தலைக் கருதி, ஷாங்காய் நகர ஆய்வாளர்கள் 2016-இல் இரும்பு நானோ துகள்களைச் செலுத்தி, கட்டியின் சுபாவமே அதற்குப் பகையாகும்படி செய்தனர். கட்டியோ குளுட்டாதயோன் என்னும் பொருளைக் குவித்து வைத்துத் தனியுறுப்புகளைத் தணித்துவிடுகிறது. அக்காப்பை முதலில் கரைப்பதற்காக மாங்கனீசு டை ஆக்சைடு போன்றவற்றையும் சேர்க்கின்றனர்.

எனினும் உண்மையான சிக்கல் வாகனத்தின் பயணத்தில் இருக்கிறது என்றே கூறவேண்டும். கட்டியின் ரத்தக் குழாய்கள் கசிவுடையன ஆதலால் பெரிய மூலக்கூறுகள் அங்கே தங்கிச் சேரும் என்று ஜப்பானிய அறிஞர் மட்சுமுராவும் மயேதாவும் 1986-இல் கண்டது பெரும் நம்பிக்கை அளித்தது. ஆனால் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய டொரான்டோ குழுவினர், செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சேர்வது நடுமதிப்பில் 0.7 சதவீதமே என்று 2016-இல் வெளியிட்டனர். எஞ்சியவற்றுள் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் கவர்ந்துகொள்கின்றன.

ஹாஃப்னியம் ஆக்சைடு நானோ துகள்கள் இத்தடையைச் சுற்றிச் சென்றமையாலேயே மருத்துவமனையை எட்டின. பிரான்சு நாட்டு நானோபயோட்டிக்ஸ் நிறுவனத்தின் இத்துகள்கள் நேரே கட்டிக்குள் ஊசியால் இடப்பெறுகின்றன. கனத்த அணுவாகிய ஹாஃப்னியம் எக்ஸ் கிரணங்களை மிகுதியாக உட்கொண்டு, எலெக்ட்ரான்களை வீசித் தனியுறுப்புகளின் விளைச்சலைப் பெருக்குகிறது. மென்திசுப் புற்றுடைய 176 பேரின் சோதனை முடிவில், கட்டி ஏறத்தாழ முழுதும் அழிந்தோர் கதிர் மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதமாகவும், துகளும் கதிரும் பெற்றவர்களில் 16 சதவீதமாகவும் இருந்தனர். 2019-இல் ஐரோப்பாவில் இதற்கு அங்கீகாரம் கிடைத்தது. தங்கக் கூண்டும் இரும்புத் துகளும் இன்னும் சோதனைச்சாலைக்கே உரியவை. அவற்றை நாடி அறுவை, கதிர், மருந்து ஆகிய நிலைபெற்ற சிகிச்சைகளை நோயாளர் தள்ளிப்போடலாகாது.