தொற்றுநோயாளியின் நடை: தனிமைக்கும் திறந்தவெளிக்கும் இடையே ஒரு நூற்றாண்டு

தொற்றுநோய் கண்டு வீட்டில் தனித்திருக்கும் ஒருவர் உடற்பயிற்சிக்காக வெளியே வரலாமா? கோவிட் காலத்தில் இக்கேள்வி குடியிருப்புச் சங்கங்களிலும் குடும்பங்களிலும் பெரும் சச்சரவுகளைக் கிளப்பியது. அதைப் புதிய கேள்வி என்றே பலரும் எண்ணினர். உண்மையில் இந்தியாவின் பொதுச் சுகாதார வரலாற்றில் அது நூறாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வருகிறது. பிளேக், தொழுநோய், காசநோய் என நோய்தோறும் அதற்கு வெவ்வேறு விடை தரப்பட்டது. அவ்விடைகளுள் சில மருத்துவ அறிவிலிருந்து வந்தவை. வேறு சில, நோயாளி எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர் என்பதிலிருந்து வந்தவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்வரலாற்றைப் படிப்பதன் பயன்.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவியிருப்பதை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். 1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. வீடுவீடாகச் சோதனையிடவும், நோயுற்றவரை மருத்துவமனைக்கும் உடனிருந்தோரைத் தனி முகாமுக்கும் கொண்டுசெல்லவும் அதிகாரிகளுக்குப் பரந்த அதிகாரம் கிடைத்தது. பூனாவில் அந்த நடவடிக்கைகளை மேற்பார்த்த டபிள்யூ. சி. ராண்ட் அவ்வாண்டு ஜூன் 22 இரவு சுடப்பட்டது அனைவரும் அறிந்ததே. அதற்கு முன்பே, 1896 அக்டோபரில், பம்பாய் ஆர்தர் சாலை மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர் திரண்டு தாக்கியிருந்தனர்.

இந்நடவடிக்கைகளின் அடிப்படைக் கருத்து எளியது: நோய் மனிதரோடு நடந்து செல்கிறது, எனவே மனிதரின் நடையை நிறுத்தினால் நோய் நிற்கும். ஆனால் பிளேக் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகவே மனிதருக்குப் பெரும்பாலும் தொற்றுகிறது என்று 1898இல் பால்-லூயி சிமோன் வாதிட்டார். 1905 முதல் இந்தியாவில் பணியாற்றிய பிளேக் ஆய்வு ஆணையம் அதனை உறுதிப்படுத்தியது. இதன் பொருள் வியப்புக்குரியது. எலி மடிந்து விழும் வீட்டுக்குள் மனிதரை அடைத்து வைப்பதே பேராபத்து; வீட்டைவிட்டு வெளியேறி வெட்டவெளியில் குடிசையிட்டுத் தங்குவதே பாதுகாப்பு. எலிகள் செத்து விழத் தொடங்கியதும் ஊரைக் காலிசெய்து வயல்வெளிக்குச் சென்ற சிற்றூர் மக்களின் வழக்கம், சட்டத்தின் தர்க்கத்தைவிட நோயின் தர்க்கத்துக்கு நெருக்கமாக இருந்தது.

பிளேக் ஆண்டுகளின் நிழலிலேயே 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டமும் வந்தது. அதன் சொல்லாட்சி கூர்ந்து நோக்கத்தக்கது. அச்சட்டம் தொழுநோயாளர் அனைவரையும் பிடித்து அடைக்கச் சொல்லவில்லை. பொது இடத்தில் பிச்சை கேட்பவர், பிழைப்புக்கு வழியின்றித் திரிபவர் ஆகிய ‘வறிய தொழுநோயாளர்’ மட்டுமே கைதுக்குரியோர். அதே நோயுடைய செல்வந்தர் தம் தோட்டத்தில் உலவுவதற்குத் தடையேதும் இல்லை. தொற்று அச்சம் என்ற பெயரில் இயற்றப்பட்ட சட்டம் அளந்தது தொற்றை அன்று, வறுமையை. இந்தச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது.

காசநோயின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. அங்கே நோயாளியின் நடை குற்றமாகக் கருதப்படவில்லை, மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹெர்மன் பிரெமர் கோர்பர்ஸ்டார்ஃப் மலைப்பகுதியில் நிறுவிய சானடோரியத்தில் நோயாளர் மலைப்பாதைகளில் அளவறிந்து நடந்தனர். அவரிடம் நோயாளியாக வந்து பின்னர் மருத்துவரான பீட்டர் டெட்வைலர், ஃபால்கன்ஸ்டைனில் வேறு முறையைக் கைக்கொண்டார். திறந்த தாழ்வாரத்தில் நாள் முழுதும் சாய்ந்து கிடப்பதே அவருடைய மருந்து. இங்கிலாந்தின் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் மீண்டும் உடலுழைப்பின் பக்கம் திரும்பினார். முதலில் நடை, பிறகு சிறு கூடையில் சுமை, பிறகு மண்வெட்டி எனப் படிப்படியாக உயர்த்தப்பட்ட உழைப்பை அவர் பரிந்துரைத்தார். உழைப்பா, ஓய்வா என்னும் இப்பூசல் தீராமலேயே இருந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டது ஒன்றே: நோயாளி திறந்தவெளிக் காற்றில் இருக்கவேண்டும்.

இந்தச் சிந்தனை இந்தியாவுக்கு விரைவில் வந்து சேர்ந்தது. அஜ்மீர் அருகே திலோனியாவில் 1906இலும், அல்மோராவில் 1908இலும், சிம்லா மலைப்பாதையிலுள்ள தரம்பூரில் 1909இலும், நைனிதாலை அடுத்த போவாலியில் 1912இலும் சானடோரியங்கள் எழுந்தன. தரம்பூர் இல்லத்தின் பின்னால் பேராம்ஜி மலபாரியின் முயற்சி இருந்தது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் கிறித்தவச் சபைகள் இணைந்து 1915இல் திறந்த சானடோரியம், டேனிஷ் மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோல்லரின் தலைமையில் நாடெங்கும் பெயர்பெற்றது. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928இல் சானடோரியம் நிறுவிய டேவிட் சௌரிமுத்து, அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய நிலையமொன்றை நடத்தியவர். 1917இல் கணித மேதை இராமானுஜன் சிறிது காலம் தங்கிச் சிகிச்சை பெற்றது அங்குதான். பின்னர் மேட்லாக்கில் இருந்தபோது குளிர்காய நெருப்பின்றித் தாம் பட்ட துன்பத்தையும், குளியலறையின் வெதுவெதுப்பைத் தேடியதையும் இராமானுஜன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். திறந்தவெளிச் சிகிச்சை ஐரோப்பிய உடலை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று தேவையில்லை. அவருக்கு இருந்தது காசநோய்தானா என்பதையே பிற்கால மருத்துவ ஆய்வாளர் ஐயுற்றனர் என்பது இக்கதையின் துயரத்தை மேலும் கூட்டுகிறது.

சானடோரியம் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைச் செய்தது. நோயாளியைச் சமூகத்திடமிருந்து பிரித்தது. அதே வேளையில் அவருக்கு வானத்தையும் காற்றையும் உலவும் இடத்தையும் தந்தது. தனிமைப்படுத்தலும் வெளியில் நடமாடுவதும் அங்கே ஒன்றுக்கொன்று முரணாக நிற்கவில்லை. அதற்குக் காரணம் ஏக்கர்கணக்கான நிலம். ஆனால் நாட்டின் நோயாளர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இந்நிலையங்களின் படுக்கைகள் மிகச் சிலவே. மலைக்குச் செல்லப் பணமோ பரிந்துரையோ இல்லாதவருக்கு வாய்த்தது நெரிசலான நகரத்துக் குடியிருப்பின் இருண்ட அறைதான்.

அந்த இருண்ட அறையைப் பற்றி எழுதியவர்களுள் முக்கியமானவர் ஆர்தர் லாங்கெஸ்டர். இந்தியா முழுதும் சுற்றி விசாரணை நடத்தி 1920இல் அவர் வெளியிட்ட ‘இந்தியாவில் காசநோய்’ என்னும் நூல், நகரங்களில் பர்தாவுக்குள் வாழும் பெண்களைக் காசநோய் கடுமையாகத் தாக்குவதைச் சுட்டியது. காற்றும் வெளிச்சமும் புகாத உள்ளறையில் நாளெல்லாம் அடைந்திருப்பதே அதற்குக் காரணம் என்றார் அவர். அவருடைய பார்வையில் காலனியக் கண்ணோட்டம் கலந்திருந்ததை மறுக்க இயலாது. ஆயினும் அவர் எழுப்பிய வினா வலுவானது. நோயைத் தடுக்க மனிதரை வீட்டுக்குள் வைக்கவேண்டும் என்று ஒரு சட்டம் கருதும்போது, வீட்டுக்குள் வைத்ததனாலேயே நோய் பெருகுகிறது என்று ஒரு மருத்துவர் காட்டுகிறார். எந்த வீடு என்று கேட்காமல் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்று சொல்வதில் உள்ள சிக்கல் அப்போதே வெளிப்பட்டுவிட்டது.

இந்த நீண்ட விவாதத்தைத் திசைதிருப்பியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய முதல் ஆய்வில் 193 நோயாளர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வு, நல்லுணவு, செவிலியர் பராமரிப்பு ஆகியவற்றுடன் சிகிச்சை பெற்றனர். மற்றவர் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் தம் வீட்டிலேயே இருந்தனர். போதிய உணவோ ஓய்வோ அவர்களுக்கு இல்லை. இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் அதே மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன. 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நோய் அடங்கிய நிலையை எட்டியிருந்தனர். வீட்டில் நோயாளியோடு வாழ்ந்த குடும்பத்தினருக்குக் கூடுதல் தொற்று ஏற்பட்டதாகவும் தெரியவில்லை. மருந்து தொடங்கும் முன்பே பெரும்பாலான தொற்று நிகழ்ந்துவிடுகிறது; மருந்து தொடங்கியபின் நோயாளியின் தொற்றும் ஆற்றல் விரைந்து குறைகிறது என்ற விளக்கம் இதிலிருந்து வலுப்பெற்றது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் வெல்ஸும் ரிச்சர்ட் ரைலியும் வேறொரு சோதனையை நடத்தினர். காசநோய் வார்டின் காற்றைக் குழாய்வழி மேலே செலுத்தி, அங்கே கூண்டுகளில் இருந்த கினிப்பன்றிகளைச் சுவாசிக்கச் செய்தனர். நோயாளரைத் தொடாமலே அவ்விலங்குகள் காசநோய்க்கு ஆளாயின. தொற்று காற்றில் மிதக்கிறது என்பது நிறுவப்பட்டது. இச்சோதனையின் மறுபக்கம் எளிதில் மறக்கப்படுகிறது. அடைபட்ட அறையின் காற்றில் தங்கி நிற்பது, திறந்தவெளியில் நீர்த்துக் கலைந்து போகிறது. ஆகவே ஆபத்து மிகுதியாக இருப்பது கூரைக்குக் கீழேதான்.

இதுவரை கண்டது பிறருக்கு நேரும் ஆபத்து. நோயாளியின் உடலுக்கு நேர்வது தனிக் கேள்வி. அதற்கான எச்சரிக்கை இளம்பிள்ளைவாதத்திலிருந்து வந்தது. நோயின் தொடக்கக் காய்ச்சலின்போது கடினமாக உடலை வருத்தியோருக்கு வாதம் கடுமையாக அமைந்ததையும், உடனே படுத்து ஓய்வெடுத்தோர் பெரும்பாலும் தப்பியதையும் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ரிட்சி ரஸ்ஸல் 1940களின் இறுதியில் பதிவுசெய்தார். காய்ச்சலோடு உடற்பயிற்சி செய்து ‘வியர்வையில் நோயை வெளியேற்றலாம்’ என்னும் பரவலான நம்பிக்கைக்கு இது தக்க மறுப்பு. வைரஸ் காய்ச்சலின்போது இதயத் தசை அழற்சி ஏற்படக்கூடும் என்பதால், இன்றும் மருத்துவர்கள் அந்நாள்களில் கடும் பயிற்சியைத் தவிர்க்கவே சொல்கின்றனர்.

இப்பின்னணியில் 2020ஐ மீண்டும் நோக்கலாம். 1897ஆம் ஆண்டின் சட்டமே அப்போதும் துணைக்கு அழைக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் தனிமைப்படுத்தப்பட்டோரின் கையில் அழியா மையால் முத்திரை குத்தப்பட்டது. மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு, பூங்காக்கள் பூட்டப்பட்டன. ஏப்ரல் 27 அன்று மத்தியச் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, லேசான அறிகுறியுள்ளோர் வீட்டிலேயே தனித்திருக்க அனுமதித்தது. அதற்குரிய வசதி அவ்வீட்டில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. தனியறையும் மொட்டைமாடியும் உடையவருக்கு அந்நிபந்தனை எளிது. ஒற்றையறையில் அறுவர் வாழும் வீட்டுக்கு அது எட்டாத ஒன்று. கோவிட் காற்றுவழிப் பரவுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தெளிவாக ஏற்றுக்கொள்வதற்குள், பூங்காவைப் பூட்டிக் குறுகிய சந்துக்குள் மக்களைத் திணிப்பது விவேகமா என்று கேட்டிருக்கவேண்டிய காலம் கடந்திருந்தது.

சென்னை ஆய்வின் முடிவைக் கோவிட் நோய்க்கு அப்படியே பொருத்த இயலாது. தொற்றும் ஆற்றலை விரைந்து அடக்கும் மருந்து 2020இல் கையில் இல்லை. நோய் பரவும் வேகமும் வேறு. ஆயினும் அவ்வரலாறு ஒரு தெளிவைத் தருகிறது. ‘நோயாளி வெளியே போகலாமா’ என்னும் ஒற்றை வினாவுக்குள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. அந்த உழைப்பை உடல் இப்போது தாங்குமா என்பது முதலாவது. காய்ச்சல் உள்ளவரை இதற்கு விடை, தாங்காது என்பதே. வெளியே செல்லும் வழியில் பிறர் சுவாசிக்கும் காற்றை நோயாளி பகிர்கிறாரா என்பது இரண்டாவது. மின்தூக்கி, மாடிப்படி, குறுகிய நடைவழி ஆகியவை இங்கே பூங்காவைவிட அபாயமானவை; தொற்றும் நாள்கள் கழியும்வரை அவ்வழியே செல்வது அயலாரின் ஒப்புதலின்றி அவர்மீது சுமத்தும் இடர். ஒருவரும் நுழையாத சொந்த முற்றமோ மாடியோ உடையவருக்கு இத்தடை பொருந்தாது.

மூன்றாவது வினா அரசியல் சார்ந்தது: அத்தகைய முற்றம் யாருக்கு உண்டு? 1898இன் சட்டம் ‘வறியவர்’ என்ற சொல்லை வெளிப்படையாக எழுதிவைத்தது. பிற்கால நெறிமுறைகளில் அச்சொல் இல்லை. அதன் இடத்தில் ‘வசதி’ என்ற சொல் அமர்ந்திருக்கிறது. பிறர் நலனுக்காகத் தன் கால்களைக் கட்டிக்கொள்ளுமாறு நோயாளியிடம் சமூகம் கேட்பது நியாயமே. ஆனால் அக்கடமையைக் கேட்கும் சமூகம், அதை நிறைவேற்றுவதற்கான அறையையும் காற்றையும் உணவையும் தரக் கடன்பட்டிருக்கிறது. சானடோரியக் காலம் அக்கடனைச் சிலருக்கேனும் நிலமாகக் கொடுத்தது. சென்னை மையம் அதை ஏழையின் வாசலுக்கே மருந்தாகக் கொண்டு சேர்த்தது. அடுத்த கொள்ளைநோய்க்கான திட்டங்கள் எழுதப்படும்போது, தடைகளின் பட்டியலோடு இக்கடனின் கணக்கும் அவற்றில் இடம்பெறவேண்டும்.