செம்மரத்தின் நிறமும் சித்தேரியின் கூலியும்

ஆபீஸ் நண்பர் ஒருவர் பில்லியர்ட்ஸ் பைத்தியம். போன மாதம் ஆன்லைனில் ஒரு க்யூ, அதாவது பந்தைத் தட்டும் கோல், பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடிப் பகுதி "அம்போய்னா பர்ல்" என்ற மரம். ஒரு கோல் தங்க நிறம், இன்னொன்று ரத்தச் சிவப்பு. "ஒரே மரம்தானே, ஏன்யா ரெண்டு நிறம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன். தேடல் போய் நின்ற இடம் எங்கள் தர்மபுரி மாவட்டம்!

முதலில் பர்ல். மரத்தில் கட்டி மாதிரி வீங்கிய கழலைதான் அது. அதற்குள் இழை நேராக ஓடாது, சுழன்று சுழன்று போகும். அறுத்துப் பார்த்தால் சித்திரம் போட்டது மாதிரி இருக்கும். அம்போய்னா என்பது தென்கிழக்கு ஆசியாவில் வளரும் டெரோகார்பஸ் இண்டிகஸ் மரத்தின் கழலை. பெயர் இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து வந்தது. இது நமக்கு அந்நியமான மரமும் இல்லை. நம்ம ஊர் வேங்கை, அந்தமான் படாக், ஆந்திரச் செம்மரம் எல்லாமே இதே டெரோகார்பஸ் குடும்பம்தான்.

இந்த வகை மரங்களின் வெளிப்பகுதி வெளிறியிருக்கும். நடுவில் இருக்கும் செல்கள் வயதாகிச் சாகும்போது நிறப்பொருள்கள் அங்கே சேர்கின்றன. அதைத்தான் "வைரம் பாய்ந்த கட்டை" என்கிறோம். எவ்வளவு சேரும் என்பது மரத்துக்கு மரம், ஏன், ஒரே கட்டையின் இரண்டு முனைகளுக்கு நடுவிலேயே மாறும். அறுத்த பிறகும் வெளிச்சமும் காற்றும் பட்டு நிறம் மாறிக்கொண்டே இருக்கும். செம்மரம் புதிதாக வெட்டும்போது ஆரஞ்சு கலந்த சிவப்பு, நாளாக ஆக ஊதா கலந்த கறுப்பு.

நண்பரின் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு கேள்வி: இந்த வேறுபாட்டுக்கு யார், எப்போது விலை வைத்தார்கள்? செம்மரத்தின் கதையில் அதற்குப் பதில் இருக்கிறது.

செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், முக்கியமாகக் கடப்பா, சித்தூர் பக்கம்தான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையிலிருந்து இதைக் கப்பலேற்றியது சாயத்துக்காக. இதில் இருக்கும் சாண்டலின் என்ற நிறப்பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, சாராயத்தில் கரையும். சாயக்காரருக்கு மரத்தைச் சிராய்ச் சிராயாகச் சீவிப் பொடியாக்கினால் போதும். இழை நேராக இருந்தால் என்ன, நெளிந்திருந்தால் என்ன?

1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதற்குப்பின் மரச்சாயங்களுக்கு மவுசு குறைந்துகொண்டே போனது. செம்மரமும் அப்படியே மறக்கப்பட்டிருக்க வேண்டியது. காப்பாற்றியது, அல்லது மாட்டிவிட்டது, இழை. ஜப்பானின் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு அலை அலையான இழை கொண்ட செம்மரம்தான் உசத்தி. சாயக்காரர் கண்டுகொள்ளாத நெளிவு, இப்போது தரத்தின் அடையாளம். பிறகு சீனாவில் பழைய அரண்மனை பாணி மரச்சாமான்களுக்கு ஆசை பெருகியது. அவர்கள் "ஸிதான்" என்று கொண்டாடும் மரமும் இதுவே. அங்கே நிறம், இழை இரண்டுக்குமே காசு.

1995இல் செம்மரம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்து, சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு விழுந்தது. ஆசை மட்டும் குறையவில்லை. காட்டுக்குள் போய் வெட்ட ஆள் வேண்டுமே? மரம் வெட்டிப் பழகிய, மலையில் வேலை கிடைக்காத ஆட்கள். ஜவ்வாது மலையிலிருந்தும், அரூர் பக்கத்துச் சித்தேரி மலையிலிருந்தும் தரகர்கள் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரப் போலீஸ்; போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். செத்தவர்களில் சித்தேரிக்காரர்களும் இருந்தார்கள்.

சித்தேரி மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தியும் இருக்கிறது. அங்கே காரணம் சந்தனமரம். அதுவும் வெளியே வெளுப்பு, உள்ளே வாசனையோடு பழுப்பு. கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20இல் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தபோது, அதில் 54 பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

நண்பர் பார்த்த கோலுக்கும் சித்தேரிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது, அது வேறு மரம், வேறு நாடு. நான் சொல்ல வருவது இதுதான்: நிறமும் நெளிவும் மரத்தின் இயல்பு. விலை மனிதர்கள் வைத்தது, காலத்துக்குக் காலம் மாறுவது. அந்த விலை எவ்வளவு ஏறினாலும், கோடாலி பிடித்தவருக்குக் கிடைத்தது கூலிதான்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்த மரம் எங்கே வெட்டினதுன்னு கடைக்காரன்கிட்ட கேட்கலாமா?" என்றார். கேளுங்கள் என்றேன். நிறத்தைப் பற்றிக் கேட்பதைவிட நல்ல கேள்வி அது.