மீன்குஞ்சுகள் ஏன் சதுப்புநிலக் காட்டைத் தேடி வருகின்றன?

சுங்கை பூலோவுக்குப் போயிருக்கீங்களா? பாலத்தில் நின்று பலரும் தேடுவது முதலையைத்தான். அடுத்த முறை கொஞ்சம் கீழே, மர வேர்களுக்கு நடுவே பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் கூட்டமாக நீந்துவது தெரியும். அவற்றில் சில, வளர்ந்ததும் கடலுக்குப் போய்விடும்.

அப்படியென்றால் இது கடல்மீன்களின் 'நர்சரி'யா? ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான்.

சதுப்புநிலக் காடு என்றால் என்ன?

ஆறு கடலோடு சேரும் இடம் கழிமுகம். அங்கே நன்னீரும் உப்புநீரும் கலக்கும். நம் வட்டாரத்தில் நாளுக்கு 2 முறை நீர் ஏறி இறங்கும். அந்த உப்புச் சேற்றையும் தாங்கி வளரும் மரங்கள் சேர்ந்ததே சதுப்புநிலக் காடு. மலாயில் பாக்காவ். தமிழில் அலையாத்திக் காடு என்றும் சொல்வார்கள்.

குஞ்சுகளுக்கு அங்கே என்ன கிடைக்கிறது?

பாதுகாப்பு: வேர்கள் பின்னிப் பிணைந்து கிடப்பதால் பெரிய மீன்கள் உள்ளே நுழைவது சிரமம். நீரும் கலங்கலாக இருப்பதால் குஞ்சுகள் எளிதில் கண்ணில் படாது.

சாப்பாடு: விழும் இலைகளை நண்டுகள் கடித்துத் துண்டாக்கும். நுண்ணுயிரிகள் அவற்றை மட்க வைக்கும். அதைத் தின்று சின்னச் சின்ன உயிர்கள் பெருகும். குஞ்சுகளுக்கு அவைதான் இரை.

யாரெல்லாம் வருகிறார்கள்?

கொடுவா: நாம் 'சியாக்காப்' என்று வாங்கும் அதே மீன். சந்தைக்கு வருவதில் நிறைய பண்ணையில் வளர்ந்தவை. ஆனால் இயற்கையில், கழிமுகத்தை ஒட்டிய உப்புநீரில் முட்டையிடும். குஞ்சுகள் சதுப்புநிலத்துக்குள் வந்து வளரும்.

இறால்: சில வகைகள் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகத்துக்கு வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும்.

நிரந்தரவாசிகளும் உண்டு. ஆர்ச்சர் மீன் வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி, இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை விழவைத்துச் சாப்பிடும்.

நீர் வற்றினால் என்ன ஆகும்?

குஞ்சுகள் பக்கத்து ஓடைகளுக்கு நகர்ந்துவிடும். நீர் ஏறும்போது மறுபடியும் வேர்களுக்கு நடுவே வரும். அதனால் மரம் மட்டும் இருந்தால் போதாது. காடு, ஓடை, கடல் மூன்றுக்கும் இடையே வழி திறந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் நிலைமை எப்படி?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீவின் ஏறக்குறைய 13 விழுக்காட்டில் சதுப்புநிலக் காடு இருந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இன்று ஏறக்குறைய 1 விழுக்காடு மட்டுமே. இறால் குளங்கள், நில மீட்பு, தொழிற்பேட்டைகள் என்று காரணங்கள் பல.

குடிநீரும் ஒரு காரணம். சுங்கை பூலோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிராஞ்சி கழிமுகம், 1975இல் அணையால் மூடப்பட்டு நீர்த்தேக்கமானது. நமக்கு நன்னீர் கிடைத்தது. கடலிலிருந்து வரும் குஞ்சுகளுக்கு ஒரு வாசல் அடைபட்டது. இரண்டும் உண்மை. எளிதான பதில் இல்லை.

இழந்ததை மீட்க முடியுமா?

ஓரளவு முடியும். செமக்காவ் தீவில் குப்பை நிரப்பும் இடம் அமைத்தபோது அழிந்த காட்டுக்குப் பதிலாக, சுமார் 13.6 ஹெக்டரில் மரக்கன்றுகள் நடப்பட்டன. அவை வளர்ந்து காடாகிவிட்டன.

சுங்கை பூலோவும் ஒரு காலத்தில் இறால் குளங்கள் இருந்த இடம்தான். 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்புள்ள இயற்கை வனப்பகுதியானது.

ஆனால் கன்று நடுவதைவிட, இருக்கும் காட்டை விட்டுவைப்பது சுலபம். பின்னிய வேர்களும் ஓடைகளும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். குஞ்சுகளோ இன்றைக்கே வந்து நிற்கின்றன.

போய்ப் பார்க்கணுமா?

முதலில் நீர் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் இறங்கும்போது சேற்றில் தாவும் மீன்களைப் பார்க்கலாம். நீர் ஏறும்போது, வேர்களுக்கு நடுவே திரும்பிவரும் குஞ்சுகளைப் பார்க்கலாம்.